லண்டனா, டப்ளினா, கொழும்பா? வங்கி வேலை தேடும் மலையகப் பிள்ளைகளுக்கு பிரெக்ஸிட் மாற்றிவிட்ட கணக்கு

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்து, அப்புறம் சீமா (CIMA), ஏசிசிஏ (ACCA) என்கிற கணக்காளர் படிப்புகளில் ஒன்றைப் பாதி முடித்துவிட்டு நிற்கிற பிள்ளைகள் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது நிறையப் பேர். அவர்களும் அவர்களின் அப்பா அம்மாவும் என்னிடம் கேட்பது ஒரே விஷயத்தைத்தான். லண்டனில் போய்ப் படித்து அங்கேயே ஒரு வங்கியில் சேர்ந்துவிடலாமா, வேறு நாடு பார்க்கலாமா, இல்லை இங்கேயே இருந்துவிடலாமா? ஏஜென்சிக்காரர் "ஐரோப்பாக்காரனெல்லாம் போய்விட்டான், லண்டனில் ஆள் இல்லை, போனதும் வேலை" என்கிறார். யூடியூபில் ஒருவர் "லண்டன் முடிந்தது, வங்கியெல்லாம் காலி" என்கிறார். இரண்டு பேச்சையும் நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டு வங்கிகளின் பின்னணி வேலைகளைச் செய்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், லண்டன் கோப்புகளும் பிராங்பேர்ட் கோப்புகளும் தினமும் கண்ணில் படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பாருங்கள். எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் படி கொழும்பு. வெளிநாடுதான் என்றால் டப்ளினோ பிராங்பேர்ட்டோ. கடன் வாங்கி மாணவர் விசாவில் லண்டன் போவது கடைசி. ஊர்க் கிளை வேலையையும் யாரும் கீழாக நினைக்க வேண்டாம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட் என்ன செய்தது என்று தெரியாமல் இந்த வரிசை புரியாது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம் என்றார்கள். 2020 ஜனவரி 31 இல் பிரிட்டன் வெளியேறியது, அந்த வருடக் கடைசியோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. வங்கிகளுக்கு அடி விழுந்தது அந்தக் கடைசித் தேதியில்தான். அதுவரை லண்டனில் ஒரு உரிமம் இருந்தால் போதும், அதே உரிமத்தில் மிலானில் இருக்கிற கம்பனிக்கும் கடன் கொடுக்கலாம், மாட்ரிட்டில் இருக்கிறவருக்கும் பங்கு விற்கலாம். 2021 பிறந்ததும் அந்த உரிமம் பிரிட்டன் எல்லையோடு நின்றுவிட்டது. ஹட்டனிலிருந்து கொழும்பு வரை பர்மிட் வைத்து ஓடிய பஸ்ஸை ஒரு நாள் காலையில் கித்துல்கலையோடு நிறுத்து என்று சொன்னால், மீதித் தூரத்துக்கு இன்னொரு பஸ்ஸும் இன்னொரு டிரைவரும் வேண்டும். அதேதான் நடந்தது. ஐரோப்பிய வாடிக்கையாளரை விட்டுவிட மனமில்லாத வங்கிகள் ஒன்றியத்துக்குள் இன்னொரு கம்பனியைத் திறந்தன, அல்லது ஏற்கனவே இருந்ததைப் பெரிதாக்கின. கோல்ட்மன் சாக்ஸ், ஜேபி மோர்கன், சிட்டி வங்கி எல்லாம் பிராங்பேர்ட்டைப் பலப்படுத்தின. பார்க்லேஸ் டப்ளினைப் பிடித்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா டப்ளினையும் பாரிஸையும் பங்கு போட்டது. பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டு வேலையை லண்டனிலேயே செய்ய நினைத்தவர்களை ஐரோப்பிய மத்திய வங்கி விடவில்லை, ஆளும் மூலதனமும் பொறுப்பும் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்து நெருக்கியது.

அப்படியானால் லண்டனில் எத்தனை வேலை போனது? வாக்கெடுப்பு நடந்த வருடத்தில் ஒலிவர் வைமன் என்ற ஆலோசனை நிறுவனம், மோசமான நிலை வந்தால் 75,000 வேலை வரை போகலாம் என்று கணித்தது. 2022 இல் ஈவை (EY) என்ற ஆலோசனை நிறுவனம் பெரிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வெளிப்படையாக அறிவித்தவற்றைக் கூட்டிப் பார்த்தபோது இடம் மாறியது ஏறத்தாழ 7,000 தான். 2024 இல் சிட்டி ஆஃப் லண்டன் என்கிற நிதி வட்டாரத்தின் லார்ட் மேயராக இருந்த மைக்கேல் மைனெல்லி, பிரெக்ஸிட்டால் லண்டன் இழந்தது சுமார் 40,000 வேலை என்றும், அதிகம் லாபம் பார்த்தது டப்ளின், அங்கே மட்டும் 10,000 என்றும் சொன்னார். 7,000 க்கும் 40,000 க்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், மேசையைத் தூக்கிக்கொண்டு போன வேலையை எண்ணுவது சுலபம், லண்டனில் வந்திருக்க வேண்டிய புது வேலை சத்தமில்லாமல் டப்ளினில் வந்ததை எண்ணுவது கஷ்டம். வேலை தேடுகிற புதிய பிள்ளைக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஏற்கனவே உட்கார்ந்திருப்பவரின் கதிரை எங்கே போகிறது என்பதை விட, அடுத்த கதிரை எங்கே போடப்படுகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

லண்டன் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு நாணய வர்த்தகத்தில் இன்றும் உலகில் முதலிடம் லண்டனுக்குத்தான். யூரோவில் நடக்கிற வட்டி ஒப்பந்தங்களைத் தீர்த்துக் கொடுக்கிற பெரிய வேலையும் அங்கேயே இருக்கிறது, அதை ஐரோப்பா 2028 வரைக்கும் அனுமதித்திருக்கிறது. ஒரே நாளில் ஓடியது பங்கு வர்த்தகம்தான். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் பங்குகளின் வியாபாரம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், அந்த மாதமே ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்திவிட்டது. ஆனால் அது கணினி மாறிய கதை, பெரிய ஆள் கூட்டம் மாறவில்லை. வியாபாரம் போவதும் வேலை போவதும் ஒன்றில்லை என்பதை இதில் கவனியுங்கள்.

இனி யாரும் அதிகம் பேசாத பகுதி. எங்களுக்குச் சோறு போடுவது இதுதான்.

மிலானில் ஒரு இயந்திரக் கம்பனி, லண்டன் வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு கோப்பு. கம்பனிப் பதிவுச் சான்று, 25 வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார், இயக்குநர்களின் அடையாள ஆவணம், தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா, வரிப் படிவம், பணம் எங்கிருந்து வருகிறது. இதெல்லாம் ஒரு தரம் பார்த்துக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அந்தக் கம்பனி பிராங்பேர்ட் பிரிவோடு புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். அதே கம்பனியின் லண்டன் கிளைக்கு லண்டன் ஒப்பந்தம் தனியாக இருக்கும். ஆக ஒரு ஆளுக்கு இரண்டு கோப்பு, இரண்டு சட்டப் புத்தகம், இரண்டு மீளாய்வுத் தேதி, இரண்டு அதிகாரிகளுக்கு அறிக்கை. லண்டன் கோப்பில் சரியென்று ஏற்றுக்கொண்ட ஒரு பதிவுச் சான்றைப் பிராங்பேர்ட் பழசு என்று திருப்பி அனுப்பும், புதிதை எடுத்து மறுபடி பெயர்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், ஒரு எழுத்து மாறியிருந்தால் அது அதே ஆள்தானா என்று நிரூபிக்கிற வரை கோப்பு நகராது. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கிற இந்தக் கேவைசி (KYC) வேலையையும், அதைச் சுற்றியுள்ள இடர் அறிக்கை, கணக்கு ஒத்திசைவு வேலைகளையும் லண்டனில் ஆள் வைத்துச் செய்ய எந்த வங்கிக்கும் கட்டாது. அது கொழும்புக்கும் பெங்களூருக்கும் போலந்துக்கும் வருகிறது. ஒன்றியத்தை விட்டுப் பிரிந்ததில் மேலே இருக்கிற வேலை சிதறியது, கீழே இருக்கிற விதி பார்க்கிற வேலை இரட்டித்தது. இந்த இரண்டாவது பாதி செய்தியில் வராது.

சரி, இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லண்டன். பிரெக்ஸிட்டுக்கு முன் போலந்துக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் விசா தேவையில்லை, நமக்குத் தேவை. 2021 இலிருந்து புதிதாகப் போகிற அவர்களுக்கும் நமக்கும் ஒரே விசாப் புள்ளிமுறை. இதைத்தான் ஏஜென்சிக்காரர் "நமக்கும் சம வாய்ப்பு" என்று விற்கிறார். வரிசை சமமானது உண்மை, ஆனால் வாசற்படி உயர்ந்துகொண்டே போகிறது. திறமைத் தொழிலாளர் விசாவுக்குக் காட்ட வேண்டிய ஆண்டுச் சம்பளம் 2021 இல் 25,600 பவுண்ட், 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700. அந்த வேலைக்கென்று தனியாகப் போட்டிருக்கிற சம்பள அளவு இதை விடக் கூட என்றால் அதுதான் கணக்கு. 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அங்கே படித்து முடித்து மாறுகிறவர்களுக்கும் 33,400 என்ற சலுகை இருக்கிறது, அதுவும் நான்கு வருடத்துக்குத்தான், படிப்புக்குப் பின் வேலை தேடிய காலமும் அந்த நான்கில் கழியும். வங்கியில் புதிதாக உள்ளே போகிறவரின் முதல் சம்பளம் பல இடங்களில் இந்த எல்லையைத் தொடாது, தொட்டாலும் விசாவுக்கு அனுசரணை கொடுக்கக் கட்டணமும் கட்டி நம் பிள்ளையை எடுக்க அந்த வங்கிக்கு ஒரு காரணம் வேண்டும்.

பணத்தைப் பாருங்கள். லண்டனில் படிக்க, கல்விக் கட்டணத்துக்கு மேலே வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,529 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்ட் காட்ட வேண்டும், இன்றைய விலைக்கு ஐம்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ட் தனி. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாய்க்கு வந்தது. இப்படிப்பட்ட குடும்பத்தில் அந்த 28 நாளை எப்படிக் கடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் தாலிக்கொடியிலிருந்து அக்காவின் காது தோடு வரை அடகுக்குப் போகும், மாமா ஒருவர் வட்டிக்கு வாங்கிப் போடுவார், மீதியை ஏஜென்சியே "காட்டுகாசு" என்று போட்டுவிட்டு நாள் முடிந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்ளும். பிள்ளை விமானம் ஏறும்போது கையில் காசில்லை, கடன் மட்டும் இருக்கிறது. முதல் மாதத்திலிருந்தே கடையிலும் கிடங்கிலும் நின்று கடன் கட்டுகிற பிள்ளைக்கு வங்கி வேலைக்கு விண்ணப்பம் எழுத நேரம் எங்கே? முதுமாணி முடித்தபின் வேலை தேட இரண்டு வருடம் தருகிறார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை போனால் ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ ஒரு சித்தப்பா வீடு இருக்க வாய்ப்புண்டு, முதல் ஆறு மாதம் வாடகை இல்லாமல் போய்விடும். நம் சொந்தக்காரர் இருப்பது நீலகிரியிலும் திருச்சியிலும். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய திசை அது. லண்டனில் நமக்கு அப்படித் தாங்குகிற கை குறைவு, அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டப்ளின். ஆங்கிலம் போதும், அது பெரிய ஆறுதல். முதுமாணி முடித்தவர் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம். தகைமை பெற்ற கணக்காளர்களில் வரி, ஒழுங்குவிதி, இணக்கம் (விதிப்படி நடக்கிறதா என்பது) பார்க்கிறவர்கள் அயர்லாந்தின் முக்கியத் திறன் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குரிய வேலை அனுமதி கிடைத்து இரண்டு வருடம் வேலை செய்தால் பிறகு தனி அனுமதி இல்லாமலே வேலை செய்யலாம், கணவனோ மனைவியோ கூட வேலை செய்யலாம். லண்டனில் இருந்து போன வேலைகளில் அதிகம் வந்து சேர்ந்த ஊரும் இதுதான், முதலீட்டு நிதியங்களின் நிர்வாகம் இங்கே பெரிய தொழில். கெட்டது என்னவென்றால் வீடு. டப்ளினில் அறை கிடைப்பதே போராட்டம், கிடைத்தால் வாடகை லண்டனுக்குச் சளைத்ததில்லை. சீமாவோ ஏசிசிஏயோ முழுதாக முடிக்காமல் அங்கே போவதில் அர்த்தமில்லை, பாதித் தகைமைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

பிராங்பேர்ட்டை நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டும். அந்த மாநிலத்து அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, தவணைக்கு ஒரு சிறு தொகைதான். ஒரு வருடச் செலவுக்கு முடக்கிய கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், ஆனால் அது உங்கள் பணமாகவே இருந்து மாதா மாதம் உங்கள் கைக்கு வரும். படிப்பு முடிந்தபின் 18 மாதம் வேலை தேடலாம். ஜெர்மன் மொழி தெரியாமல் போனால் பின்னணி வேலை கூடக் கஷ்டம், அங்கே வாடிக்கையாளரும் கண்காணிப்பு அதிகாரியும் பல வேளை ஜெர்மனில் எழுதுவார்கள். கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே மாலையிலோ சனிக்கிழமையிலோ மொழி படிக்கலாம், ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு நான்காவது மொழி வராது என்று நான் நம்பவில்லை.

அதனால்தான் கொழும்பை முதலில் வைக்கிறேன். லண்டன் பங்குச்சந்தைக் குழுமம் 2009 இல் மிலேனியம் ஐடி என்ற இலங்கை மென்பொருள் கம்பனியை வாங்கியதிலிருந்து மாலபேயில் வேரூன்றி நிற்கிறது. ராஜகிரியவில் ஹெச்எஸ்பிசியின் உலகச் சேவை நிலையம் இருக்கிறது. அக்யூட்டி போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெளிநாட்டு வங்கிகளுக்காக இங்கிருந்து கணக்குப் போடுகின்றன. பாதித் தகைமையோடு உள்ளே போகலாம், சம்பளத்தில் மீதியைக் கட்டிப் படிக்கலாம். லண்டன் நேரத்துக்கு வேலை, மதியம் தொடங்கி இரவு பத்து பத்தரைக்கு முடியும், பல இடங்களில் வான் வைத்துப் போர்டிங்கில் கொண்டு விடுவார்கள். பெண்பிள்ளையை இரவு வேலைக்கு விடத் தயங்குகிற அப்பா அம்மா போய் அந்தப் போர்டிங்கையும் வானையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்தபின் சரி என்றவர்கள் நிறையப் பேர்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. வேலை ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. பெயர் தேடுவதையும் படிவம் ஒப்பிடுவதையும் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது, ஆகவே இரண்டு வருடத்துக்கு மேல் அதே மேசையில் உட்காரக் கூடாது, விதியைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிற வேலைக்கு ஏறிவிட வேண்டும். வங்கியின் பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஹெச்எஸ்பிசி இலங்கையில் சில்லறை வங்கி வணிகத்தை நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கிக்குக் கொடுப்பதாக 2025 இல் அறிவித்தது. ஒரே பெயரில் இயங்கினாலும் ஊர் மக்களுக்குச் சேவை செய்கிற கிளை வேறு, உலகத்துக்கு வேலை செய்கிற நிலையம் வேறு. ஒன்று மூடுவதால் மற்றது மூடாது, ஒன்று வளர்வதால் மற்றது வளராது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது எந்த நாட்டுப் பிரிவுக்கு வேலை செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். லண்டன் கோப்பும் ஐரோப்பியக் கோப்பும் இரண்டும் கையில் வருகிற குழு கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அதை எடுங்கள், டப்ளினுக்கோ பிராங்பேர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்துக்குத்தான் மதிப்பு.

ஊர்க் கிளை பற்றி. நம் மலை இதெல்லாம் பார்த்த மலைதான். கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் படுத்தபோது, அதில் பணத்தைக் கொட்டியிருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் விழுந்தது. நான்கு வருடம் கழித்து, 1888 இல், தேயிலைத் தோட்டக்காரர்களை நம்பி ஹட்டன் டவுனில் ஒரு சின்ன வங்கி தொடங்கினார்கள். இன்றைய ஹட்டன் நஷனல் வங்கி அதிலிருந்து வந்ததுதான். அன்று அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருந்திருக்க மாட்டார். இன்று தமிழில் பேசிக் கணக்குத் திறந்து கொடுக்கிற பிள்ளை இல்லாமல் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு கிளையை நடத்த முடியாது. இலங்கை வங்கி, மக்கள் வங்கிப் பரீட்சைக்கு விளம்பரம் வந்தால் எழுதுங்கள். நிரந்தர வேலை, குறைந்த வட்டியில் வீட்டுக் கடன், இலங்கை வங்கியாளர் நிறுவகத்துப் படிப்பு முடித்தால் ஏறுமுகம். வீட்டில் நோயாளி இருக்கிறார், தம்பி தங்கை படிக்கிறார்கள் என்றால் இதை விட்டுவிட்டு ஓட நான் சொல்ல மாட்டேன். பிரெக்ஸிட் இந்தக் கிளையைத் தொடுவது ஏற்றுமதிப் பக்கத்தில் மட்டும்தான். முன்பு ஐரோப்பிய வரிச் சலுகை ஒன்றே பிரிட்டனுக்கும் சேர்த்து ஓடியது, 2021 இல் பிரிட்டன் தனியாகப் பிரிந்து 2023 ஜூனில் புதுச் சலுகைத் திட்டம் தொடங்கியதால், ஏற்றுமதிக் கடன் கடிதம் பார்க்கிற அலுவலர் இப்போது பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டுகிற மூலச் சான்றுக்கு இரண்டு விதமான விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதைத் தெரிந்தவருக்குத் தலைமை அலுவலகத்தில் இடம் உண்டு.

லண்டனுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போங்கள். கொழும்பில் வேலை செய்கிற நிறுவனமே உள் மாற்றத்தில் அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பொருந்துகிற சம்பள எல்லைக்கு (சலுகை இருந்தால் 33,400, இல்லையென்றால் 41,700 பவுண்ட்) குறையாமல் எழுத்தில் வேலை வந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் பிரிட்டன் அரசு வெளியிடுகிற அனுசரணையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள், ஏஜென்சி கொடுக்கிற அச்சுப் பிரதியை நம்ப வேண்டாம். பெயர் இல்லையென்றால் அந்தக் கடிதத்தை வைத்து ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள்.